மெதுவாக நகரும் சரக்கு

இந்தப் பதிப்பில் கொம்பர்களுக்கு
ஒன்றரைப் பக்கம்.
போன தடவை நான்கு.
அதற்கும் முன்னால் தனிப் புத்தகமே இருந்தது.
ஆட்டுத்தலையும் மனித விலாவுமாய்
அட்டையில் எங்கள் தளபதி
எரியும் கோட்டைக்கு முதுகு காட்டி நிற்பான்.

காலடிப்பேட்டை கேரம் கிளப் மாடி
ஞாயிறு மதியம் மட்டும் எங்களுக்கு.
நான்கு போர்டைச் சேர்த்துப் பச்சைத் துணி விரித்தால் களம்.
போரிக் பவுடர் தூவினால் பனிக்காலம்.
போர்டுகள் கூடும் இடத்தில் துணி பள்ளம் விழும்.
அதற்கு ஆறு என்று பெயர்.

ரெபேக்காவுக்குப் பொன்கவச வீரர்கள்.
ஸ்டான்லியில் நைட் டூட்டி முடித்து
அரைத் தூக்கத்தில் வந்து, பெட்டி பிரிப்பாள்.
மூன்று மாதத்துக்கு ஒரு புதுப் பெட்டி விடுகிறார்கள் அவர்களுக்கு.
போனதில் சிங்கம். இதில் சிறகு வைத்த சிங்கம்.

எனக்கு அறுபத்திரண்டு கொம்பர்கள்,
எல்லாம் ஈயம்,
இரண்டு பிஸ்கட் டின்னில்.
ஒருவனுக்குக் கொம்பு ஒடிந்து போச்சு.
சங்கரா மீன் முள் ஒட்டியிருக்கிறேன்.
அசலைவிட நன்றாக வளைந்திருக்கிறது.

ஏன் நம்மளை மறந்துட்டான் கம்பெனிக்காரன்?

அச்சு விரிசல் விட்டிருக்கும், புதுசா வெட்ட காசு ஆகும்
என்பான் ஹபிபுல்லா. அவனுக்கு லேத் பட்டறை.
செதுக்கினவன் சண்டை போட்டுப் போயிட்டானாம்
என்பான் விக்டர். யார் சொன்னது என்று கேட்டால்
சிகரெட் பற்ற வைப்பான்.
ரெபேக்காதான் சரியாகச் சொன்னாள்:
"ஆட்டுத்தலை மனுஷன் ஊர்ப்பொதுச் சொத்துப்பா.
எவன் வேணா வார்ப்பான்.
என் ஆளுங்க பேரு பாரு,
வாயில நுழையாது. அதான் அவங்களுக்கே சொந்தம்."

நான் பேசவில்லை.
வாரம் ஆறு நாள் மணலி குடோனில்
ஸ்கேனரோடு நடப்பவன் நான்.
பதினெட்டு மாதம் அசையாத பெட்டிக்கு
மஞ்சள் ஸ்டிக்கர்.
மஞ்சள் ஒட்டியது பின் ரேக்குக்குப் போகும்.
பின்பக்கம் டியூப்லைட் எரியாது.
எரியாத இடத்தை யாரும் பார்ப்பதில்லை,
பார்க்காததை யாரும் கேட்பதில்லை,
கேட்கவில்லையே என்று
அடுத்த ஆண்டு இன்னொரு மஞ்சள்.
இதில் யாருக்கும் பகையில்லை.

போன மாதம் மீஞ்சூரிலிருந்து ஒருவர்
பழைய பம்புக்கு வாஷர் கேட்டு வந்தார்.
நாற்பது கிடக்கிறது உள்ளே, எனக்குத் தெரியும்.
சாப்பாட்டு நேரம்.
"அதெல்லாம் இப்ப வர்றதில்ல சார்" என்றேன்.
சீட்டை நான்காக மடித்துச்
சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.
எங்கேயோ குளிர் தேசத்தில்
என் தளபதியைப் பற்றியும்
ஒருவன் இப்படிச் சொல்லியிருப்பான்,
டிபன் பாக்ஸ் மூடியைத் திறந்துகொண்டே.

"சரி, ஒண்ணு கேக்கறேன்" என்றாள் ரெபேக்கா,
பகடையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு.
"இருவது வருஷத்துல கம்பெனிக்கு நீ எவ்ளோ குடுத்திருப்ப?"

கணக்குப் போட்டேன்.
பொம்மைகள், கப்பல் இன்ஜினியர் ஒருவர்
ஊரைவிட்டுப் போகும்போது தள்ளிவிட்டது.
பெயிண்ட், பாரிமுனை ஹார்டுவேர் கடை.
பசை, பெட்டிக்கடை.
புத்தகம், ஹபிபுல்லாவுடையது. ஜெராக்ஸ்.

விக்டர் முதலில் சிரித்தான்.
பிறகு எல்லோரும். நானும்தான்.

"நாளைக்கே புதுசா விட்டா வாங்குவியா?"
வட்ட அடித்தட்டில், பிளாஸ்டிக்கில்,
கொம்பு இன்னும் நீளமாக.
மாட்டேன். அறுபத்திரண்டு இருக்கிறதே எனக்கு.
வெளியில் அதைச் சொல்லவில்லை.
"விலையைப் பொறுத்து" என்றேன்.

சங்கரா முள்காரனை ஆற்றில் இறக்கினேன்.
அவனுக்கான விதி இப்போது எந்தப் பக்கத்திலும் இல்லை.
"பழைய ரூல்லயே ஆடு, பரவால்ல" என்றாள்.
ஆறு விழ வேண்டும்.
பகடை உருண்டு,
பவுடரில் ஒரு கோடு இழுத்து,
போர்டின் மூலைக் குழிக்குள்,
துணியோடு சேர்ந்து இறங்கிச் சாய்ந்து நின்றது.
நாலா ஆறா என்று நால்வரும் குனிந்தோம்.